நூலும் நாலு நட்டும்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் கணக்கை மளமளவென்று போட்டுவிடுகிறான். ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால் விழிக்கிறான். காரணம் யோசிக்கும் அறிவு எந்த வயதில் வரும்?
- வாசகி, தேனி

பதில்: 11, 12 வயதில் துளிர்விடும் என்றார் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. ஆனால் வயது வந்தால் தானாக வந்துவிடாது. கல்லூரியிலும் பலர் தடுமாறுகிறார்கள். பியாஜேயும் அவருடன் பணியாற்றிய உளவியலாளர் பார்பெல் இன்ஹெல்டரும் பிள்ளைகளிடம் நடத்திய ஊசல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம்.

ஒன்றேகால் மீட்டர் நூல், ஒரே அளவு நட்டு நான்கு, கைபேசி ஸ்டாப்வாட்ச் போதும். நூல் நுனியில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் ஊசல் தயார். ‘ஊசலின் ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை மாற்றுவது நூலின் நீளமா, எடையா, இழுத்துவிடும் தூரமா?’ என்று மட்டும் கேளுங்கள். போய்த் திரும்பினால் ஓர் ஆட்டம். விடை நீளம்தான்: பத்து ஆட்டத்துக்கு 25 செ.மீ. நூலில் சுமார் 10 வினாடி, 100 செ.மீ.யில் 20 வினாடி ஆகும்.

பல பிள்ளைகள் நூலையும் குறைத்து, நட்டையும் கூட்டிவிட்டு, ‘எடைதான் காரணம்’ என்பார்கள். உடனே திருத்தாதீர்கள். ‘நீளம் காரணமில்லை என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்பது அவனுக்கே பிடிபட வேண்டும். செய்முறைப் பதிவேட்டைப் பார்த்து எழுதினால் இது வராது!

நட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டாதீர்கள். எடையோடு நீளமும் கூடி விடை பிசகும். எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கோர்த்துவிடுங்கள். ரொம்ப தூரம் இழுத்துவிட்டாலும் நேரம் சற்றுக் கூடும்; அதனால் கொஞ்சமாகவே இழுத்துவிடுங்கள்.

அடுத்து விதை முளைப்பில் சோதியுங்கள்: தண்ணீரா, வெளிச்சமா? ஊசலில் தேறிய பிள்ளை இதில் சறுக்குவது சகஜம்.