வாசகர் கேள்வி – பதில்: எந்த லென்ஸ் கூர்மை?

கேள்வி: என்னிடம் சதுரப் படம் எடுக்கும் ஹேசல்பிளாட் 500சி/எம் ஃபிலிம் கேமராவும் 80 மி.மீ. பிளானர் லென்ஸும் இருக்கின்றன. நீள்சதுரப் படம் எடுக்கும் மமியா 7 ஃபிலிம் கேமராவின் 80 மி.மீ. லென்ஸ் இதைவிடக் கூர்மை என்று பலரும் சொல்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை கோடுகளை லென்ஸ் பிரித்துக் காட்டுகிறது என்ற சோதனைப் பட்டியல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. இதை விற்றுவிட்டு அதை வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு விற்காதீர்கள். இரண்டு லென்ஸிலும் வருஷக்கணக்கில் படம் எடுத்திருக்கிறேன். லென்ஸின் துளையை எஃப் 8-ல் வைத்து (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்), நெகட்டிவின் நடுப்பகுதியை உருப்பெருக்கியில் பார்த்தால் எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அப்படியென்றால் மமியாவில் எடுத்த பிரின்ட் ஏன் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். 16க்கு 20 அங்குல பிரின்ட் என்று வைத்துக்கொள்வோம். நீளப் பக்கம் 508 மி.மீ. உங்கள் சதுர நெகட்டிவ் 56 மி.மீ.தான், ஆகவே 9 மடங்கு பெரிதாக்க வேண்டும். மமியா நெகட்டிவின் நீளப் பக்கம் கிட்டத்தட்ட 70 மி.மீ., அதற்கு 7¼ மடங்கு போதும். இரண்டு லென்ஸும் ஃபிலிமில் மில்லிமீட்டருக்கு 40 கோட்டு ஜோடிகளை (ஒரு கருப்புக் கோடும் பக்கத்து வெள்ளைக் கோடும் ஒரு ஜோடி) சரிசமமாகப் பதிகின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட்டில் மில்லிமீட்டருக்கு உங்களுக்குக் கிடைப்பது சுமார் 4.4 ஜோடி, மமியாக்காரருக்கு 5.5. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 5 ஜோடி இருந்தால் கண் திருப்தியடையும் என்பது பிரின்ட் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பழைய அளவு. ஒருவர் அதற்குக் கீழே, ஒருவர் மேலே. ஆனால் லென்ஸ் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல! நீங்கள் சதுரமாகவே பிரின்ட் போடுகிறவர் என்றால் இந்த வித்தியாசமும் இல்லை.

அடுத்தது அதிர்வு. உங்கள் கேமராவில் பிம்பத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பிவிடும் கண்ணாடி, படம் எடுக்கும்போது மேலே போய் அடிக்கிறது, மமியா 7-ல் அந்தக் கண்ணாடியே கிடையாது. ட்ரைபாடில் 1/15, 1/30 வேகங்களில் எடுக்கும்போது, கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிடும் நெம்புகோலை அழுத்திவிட்டு எடுங்கள். அதைச் செய்யாமல் பிளானரைக் குறை சொல்வது நியாயமில்லை.

ஃபோகஸ் விஷயத்தை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதே கேமராவுக்குப் பழைய 150 மி.மீ. சோனார் லென்ஸ் ஒன்று வாங்கினேன். ஆளின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதுதான் கூர்மையாக வந்தது. லென்ஸ் மோசம் என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, வியூஃபைண்டரில் பிம்பம் விழும் ஃபோகஸ் திரையைக் கழற்றிப் பார்த்தபோது அது தலைகீழாக இருந்தது. அதற்குமுன் கேமராவைச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தேன், அங்கே அப்படி மாட்டிவிட்டிருக்கிறார்கள். திரையின் சொரசொரப்பான பக்கம் அதன் கனத்தளவு மேலே போய்விட, நான் பார்த்த ஃபோகஸும் ஃபிலிமில் விழுந்த ஃபோகஸும் வேறு வேறாகிவிட்டன. 80 மி.மீ. லென்ஸில் இது ஏன் தெரியவில்லை? அதை எப்போதும் எஃப் 11-ல் வைத்தே எடுத்துக்கொண்டிருந்தேன், துளை சிறிதாக இருந்ததால் முன்னும் பின்னும் கூர்மையாக விழுந்து தவறு மறைந்துபோயிற்று. திரையைத் திருப்பி மாட்டிய பிறகு அந்த சோனார் தந்த முகங்களை இன்றும் ஆசையாக எடுத்துப் பார்க்கிறேன்.

அதனால் முதலில் உங்கள் பிளானரையே சோதியுங்கள். சுவரில் செய்தித்தாளை நான்கு மூலைவரை ஒட்டுங்கள். நடுவில் ஒரு சிறு முகக்கண்ணாடியைச் சுவரோடு ஒட்டினாற்போல் வையுங்கள். வியூஃபைண்டரில் உங்கள் லென்ஸின் பிம்பம் திரையின் சரியான நடுவில் தெரிகிற வரை கேமராவை நகர்த்துங்கள். அப்போதுதான் ஃபிலிமும் சுவரும் இணையாக இருக்கின்றன. கண்ணாடியை எடுத்துவிட்டு, தாளின் எழுத்தில் மறுபடி ஃபோகஸ் வைத்து எஃப் 2.8, 5.6, 8, 22 என்று எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் கேமராவைத் தலைகீழாக மாட்டி, மறுபடி இணையாக்கி எடுங்கள். மங்கல் சுவரில் அதே இடத்திலேயே இருந்தால் இணையாக வைத்ததில் பிழை. எதிர்ப்பக்கம் போய்விட்டால் லென்ஸுக்குள் ஏதோ ஒரு கண்ணாடி மையம் தவறியிருக்கிறது. இத்தனை வயதான லென்ஸ்களில், ஒரே மாடலின் இரண்டு பிரதிகளுக்குள்ளேயே இப்படி வித்தியாசம் வரும். பட்டியலில் உள்ள எண் யாருடைய பிரதியிலோ எடுத்தது, உங்களுடையதில் அல்ல.

எஃப் 22 படத்தைத் தனியாகப் பாருங்கள். நடுப்பகுதிகூடச் சற்று மிருதுவாக இருக்கும். துளை சிறுத்தால் ஒளி வளைந்து பரவும், அதற்கு எந்தக் கம்பெனி லென்ஸும் விலக்கில்லை.

சரி, லென்ஸ்களுக்குள் உண்மையான வேற்றுமை எங்கே என்று கேட்டால், அகலக் கோண லென்ஸ்களில் என்பேன். ஹேசல்பிளாட்டில் லென்ஸ் மாட்டும் இடத்திலிருந்து ஃபிலிம் 74.9 மி.மீ. தள்ளியிருக்கிறது, நடுவே கண்ணாடி ஆட வேண்டும். அதனால் அதன் அகலக் கோண லென்ஸான 50 மி.மீ. டிஸ்டகானைப் பின்பக்கம் இடம் விட்டுத்தான் வடிவமைக்க முடிந்தது. கோடுகள் சற்று வளையும், ஆரம்ப கால டிஸ்டகான்களில் கிட்டத்தில் எடுத்தால் மூலைகள் தளரும். இதே கம்பெனி 1954-ல் கண்ணாடியே இல்லாத தனிக் கேமராவில் 38 மி.மீ. பியோகான் லென்ஸை வைத்தது. ஃபிலிமுக்கு மிக அருகில் உட்காரும் அந்த லென்ஸில் கட்டடத்தின் விளிம்பு மூலைவரை நேராக நிற்கும். மமியா 7-ன் 43 மி.மீ. லென்ஸும் அதே வழியில் வந்தது. கட்டடங்கள்தான் உங்கள் வேலை என்றால் அதற்காக மமியா வாங்குங்கள், மனதார ஆதரிக்கிறேன். 80 மி.மீ.க்காக வேண்டாம்.

கேள்வி: பென்டாக்ஸ் 67 கேமராவுக்கான பழைய 105 மி.மீ. எஃப் 2.4 லென்ஸ் ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே மஞ்சளாக இருக்கிறது. கெட்டுப்போனதா?

பதில்: இல்லை. அதன் ஆரம்ப காலப் பிரதிகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அது நாளாக நாளாக மஞ்சளாகும். சில நாட்கள் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பெருமளவு தெளியும். கருப்பு வெள்ளையில் கொஞ்சம் ஒளி குறையும், அவ்வளவுதான். அதில் லேசான கதிர்வீச்சு இருப்பதால் அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தேய்க்கும் வேலை மட்டும் கூடாது. மஞ்சளைவிட, டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை நூல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு போகாது.