மின்னூலகத் தேடலில் குத்தாலம் பாசன ஆவணங்கள்: பதில்

வணக்கம் ஐயா. மின்னூலகத்தின் தேடல் பெட்டியில் 'மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் பாசன வாய்க்கால் பழைய ஆவணங்கள்' என்று தேடியும் எதுவும் வரவில்லை என எழுதியிருந்தீர்கள். ஆவணம் அங்கே இல்லை என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டாம்.

முதலில் மாவட்டப் பெயரை நீக்கிவிடுங்கள். மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020இல்தான். அதற்கு முன் அப்பகுதி நாகப்பட்டினம் மாவட்டத்திலும், 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டத்திலும் இருந்ததால், நீங்கள் தேடும் காலத்து ஆவணங்கள் பெரும்பாலும் தஞ்சாவூர் என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கும். மயிலாடுதுறை ஊரின் பழைய பெயர்களான மாயவரம், மாயூரம் ஆகியவற்றையும் மாற்றி மாற்றித் தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது 'டான்ஜோர்' (Tanjore) என்ற பழைய எழுத்துக்கூட்டலை விட்டுவிடக் கூடாது.

அடுத்து, சொற்களைக் குறையுங்கள். கொடுத்த எல்லாச் சொற்களும் ஒரே பதிவில் இருந்தால் மட்டுமே பல தளங்கள் முடிவு காட்டும். 'பழைய', 'ஆவணங்கள்' போன்றவை நூற்பட்டியலில் இருக்க வாய்ப்பே குறைவு. தமிழில் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வடிவம் மாறுவதால், 'குத்தாலம்' என்று தேடினால் 'குத்தாலத்தில்' என்றிருக்கும் தலைப்பு தப்பிவிடக்கூடும். 'குத்தால' என்ற பகுதியை மட்டும் கொடுத்து, தளம் ஏற்றுக்கொண்டால் இறுதியில் உடுக்குறி (*) இட்டுப் பாருங்கள்.

வருடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) பக்கங்கள் வெறும் படங்களாக ஏற்றப்பட்டிருந்தால் உள்ளே உள்ள வாசகம் தேடலில் அகப்படாது. அங்கே தலைப்பு, ஆண்டு, துறை ஆகியவையே வழி. எனவே 'தஞ்சாவூர் பாசனம்' என்று மட்டும் தேடி, ஆண்டு வடிகட்டியால் முடிவுகளைச் சுருக்கிக்கொண்டு, ஒவ்வொன்றின் பொருளடக்கத்தையும் பொறுமையாகப் பாருங்கள்.