எம்.டி., எம்.எஸ். என்ற முதுநிலை மருத்துவம் படிப்பவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போவது கட்டாயமா?

கட்டாயம்தான். தனியார் கல்லூரியில் படித்தாலும் விலக்கு கிடையாது. முடித்ததற்கான சான்று இல்லாவிட்டால் இறுதித் தேர்வு எழுத முடியாது.

இந்த விதி வந்தது 2020 செப்டம்பரில், மருத்துவக் கல்விக்கு விதி வகுத்துவந்த பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் கலைக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு. அதன் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023ஆம் ஆண்டு முதுநிலை விதிமுறைகளிலும் இதை வைத்துக்கொண்டது. மூன்று, நான்கு, ஐந்தாவது செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் சுழற்சி முறையில் அனுப்புவார்கள். உதவித்தொகை வழக்கம்போல வந்துகொண்டிருக்கும்.

எதற்கு இது? பெரிய கல்லூரியில் சந்தேகம் வந்தால் பக்கத்து வார்டிலேயே இன்னொரு துறை நிபுணர் இருப்பார், ஸ்கேன் இருக்கும். மாவட்ட மருத்துவமனையில் ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்புக்கடி வந்தால், இருக்கிற மருந்தையும் ஆட்களையும் வைத்து முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் புத்தகத்தில் வராது. அங்கே ஆள் பற்றாக்குறை தீர்வதும் ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. அதே 2023 விதிமுறைகளில் 80 சதவீத வருகை, ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு என்று எண் போட்டு எழுதியவர்கள், வேலை நேரத்துக்கு மட்டும் ‘நியாயமான நேரம்’ என்று விட்டுவிட்டார்கள். எது நியாயம் என்பதைத் துறைத்தலைவர்தான் சொல்வார்!