விரலை விடுங்கள்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு நாலரை வயது. நூறு வரை நிற்காமல் சொல்லுவான். ஆனால் "ஏழு புளியங்கொட்டை எடுத்து வா" என்றால் கைக்கு வந்ததை அள்ளி வருகிறான். நான் விரலைப் பிடித்துத்தான் எண்ணுவிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை டப்லட்டில் ஏதோ செயலியில் கணக்குச் செய்கிறது. எங்களிடம் ஒரு பாம்பும் ஏணியும் அட்டைதான் இருக்கிறது. விளையாட்டால் எண் வருமா, அல்லது இப்போதே ரியூசனுக்கு விடுவதா?
– ஒரு தாய், கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

நாலரை வயதுக்கு ரியூசனா? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வர இன்னும் எவ்வளவு காலம் கிடக்கிறது! அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் இல்லை. செயலியும் பக்கத்து வீட்டோடே இருக்கட்டும்.

நூறு வரை சொல்வது தேவாரம் பாடமாக்குவது மாதிரி. எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது வேறு அறிவு. அது மெல்லத்தான் வரும். பிள்ளையில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அந்த விரல்தான். விரலைப் பிடித்தால் எண்ணுவது நீங்கள், அவன் கையை இரவல் தந்திருக்கிறான். காயையும் அவனே நகர்த்தட்டும். பிழைத்தாலும் பரவாயில்லை.

நூறு கட்டம் அவனுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு மட்டைத் துண்டில் பத்துக் கட்டம் வரிசையாகக் கீறி, 1 முதல் 10 வரை எழுதுங்கள். அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமனி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் வசதி குறைந்த வீட்டுச் சிறுவர்களோடு விளையாடிப் பார்த்து 2008இல் எழுதினார்கள். இரண்டு வாரத்தில் நாலு தரம், ஒவ்வொரு தரமும் கால் மணித்தியாலம் சொச்சம். எண்களை வாசிப்பதும், எது பெரிது என்று சொல்வதும் தேறியது. அதே அட்டையில் எண்ணுக்குப் பதில் நிறம் வைத்து ஆடிய பிள்ளைகளுக்கு அது வரவில்லை.

ஆனால் எப்படி எண்ணுகிறான் என்று பாருங்கள். மூன்றில் நிற்கும் காய்க்கு இரண்டு விழுந்தால் "ஒண்டு, ரெண்டு" என்று நகர்த்துவான். "நாலு, ஐஞ்சு" என்று நகர்த்த வேண்டும். சீக்லரும் எலீடா லாஸ்கியும் 2014இல், கொஞ்சம் பெரிய பிள்ளைகளிடம், நூறு கட்ட அட்டையிலேயே இதைச் சோதித்தார்கள். நின்ற இடத்திலிருந்து எண்ணியவர்கள்தான் கூடப் படித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்குகிற பிள்ளை அட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்ப்பதேயில்லை. நீங்களும் உங்கள் முறை வரும்போது "நாலு, ஐஞ்சு" என்று வாய்விட்டுச் சொல்லி நகர்த்துங்கள். இதைப் பத்துத் தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இந்த ஆய்வுகளை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அம்மம்மா இதை அன்றே செய்தவர். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு எங்கள் வீட்டில் இரவு என்றால் ஜாம் போத்தல் விளக்குத்தான். மண்ணெண்ணெய் என்ன விலை விற்றது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மம்மா ஐம்பது கட்டம் கீறியிருந்தார். அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் சீமெந்தில் தேய்த்து வெள்ளையாக்கி, குலுக்கிப் போடுவோம். எத்தனை வெள்ளை நிமிர்ந்திருக்கிறதோ அத்தனை கட்டம். அதைப் பார்த்துப் பார்த்தே, மூன்று வெள்ளை என்றால் கறுப்பு ஒன்று என்பது எனக்குத் தானாக வந்தது.

நான் "ஒண்டு" என்று தொடங்கினால் போதும், கையில் ஒரு தட்டு விழும்.

"எங்கை நிக்கிறாய்? அங்கையிருந்து எண்ணடி."

தட்டுவாரே தவிர ஒருநாளும் என் காயைத் தொட்டதில்லை. ஒரு இரவு நான் நாற்பத்தாறில் நின்றேன். மூன்று விழுந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு... அடுத்தது வாயில் வரவில்லை. அண்ணா சொல்ல வாயெடுத்தான். அம்மம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு விளக்குத் திரியைக் கொஞ்சம் தணித்துவிட்டு, பேசாமல் இருந்தார்.