களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோளத்தில் செய்த உணவு கெடுதலா?

கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பதாகச் சொல்லி இதைக் கேட்டிருக்கிறீர்கள். நான் உடுமலையில் மக்காச்சோளம் போடுகிறவன்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி பட்டதும் செடி சாவதற்குக் காரணம், சில அமினோ அமிலங்களை உண்டாக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடுவதுதான். முடங்காத நொதி ஒரு பாக்டீரியாவில் கிடைத்தது. அதன் மரபணுவைச் சேர்த்து உருவாக்கியதே என்கே603 என்ற மக்காச்சோள ரகம். மனித உடலில் அந்த நொதி கிடையாது. புதிய புரதமோ வயிற்றில் எளிதாகச் செரித்துவிடுகிறது. ஸ்டார்ச்சிலும் சுத்திகரித்த எண்ணெயிலும் புரதம் ஏறக்குறைய மிஞ்சுவதே இல்லை, மாவில் இருக்கும்.

ஆகவே அந்த மரபணுவைக் கண்டு எனக்குப் பயமில்லை. களைக்கொல்லி மருந்தைக் கண்டுதான் பயம். முகமூடிகூட இல்லாமல் கைத்தெளிப்பானைச் சுமக்கிற கூலியாட்களை நாள்தோறும் பார்க்கிறேன், மனம் பொறுக்கவில்லை. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட் மனிதர்களுக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு அதை ஏற்கவில்லை. கேரளம் 2019இல் விற்பனையைத் தடை செய்தது. அமெரிக்க வயல்களில் இன்னொரு தொல்லை: நம் முளைக்கீரையின் உறவுக்காரக் களை ஒன்று இந்த மருந்துக்குச் சாகாமல் பழகிவிட்டது.

இந்தியாவில் இந்த மக்காச்சோளத்தைப் பயிரிட அனுமதியில்லை. உணவுக்கு இறக்குமதியாகும் மக்காச்சோளத்துக்கும் மரபணு மாற்றமற்றது என்ற சான்று வேண்டும். உங்கள் தீவனத்தில் வந்திருக்கக்கூடியது, 2021இல் மத்திய அரசு 12 லட்சம் டன் வரை இறக்குமதிக்கு அனுமதித்த மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கு.