வேலிப் பொட்டு

கேள்வி: ரீச்சர், என் மகள் ஜப்பான் படக்கதைப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறாள். கண்ணில் ஏதும் குறையா?
— ஒரு தகப்பன், புதுக்குடியிருப்பு

பதில்: குறை ஒன்றுமில்லை ஐயா. மங்கா வலமிருந்து இடமாகத்தான் வாசிக்க வேண்டும். நமக்குக் கடைசிப் பக்கம், அவர்களுக்கு முதல் பக்கம்.

கேள்வி: ரீச்சர், எனக்கு 25 வயது. 2010 இல் மீளக்குடியேறி வந்தபோது பக்கத்து வளவுப் பெடியனும் நானும் தறப்பாள் கொட்டகைக்குள் படித்தோம். ஒரே அழிறப்பரை பிளேட்டால் வெட்டி ஆளுக்குப் பாதி வைத்திருந்தோம். பதினைந்து வயதிலிருந்து அவனை விரும்புகிறேன். அவனுக்குத் தெரியாது. இப்போது அவனுக்குக் கிளிநொச்சியில் வேலை. இரவில் போன் எடுத்து, அங்கே வேலை செய்யும் ஒரு பிள்ளையைப் பற்றி என்னிடமே கதைக்கிறான். நான் வாசிக்கும் காதல் மங்காவில் சின்ன வயதுச் சிநேகிதி எப்போதும் தோற்கிறாள். ஏன்? என் கதையும் அப்படித்தானா?
— பெயர் வேண்டாம், மல்லாவி

பதில்: எப்போதும் தோற்பதில்லை பிள்ளை, அந்தக் கணக்கை முதலில் திருத்துவோம். அடாச்சி மிட்சுருவின் 'டச்' 1981 முதல் 1986 வரை வந்த மங்கா. அதில் மினாமி பக்கத்து வீட்டுப் பிள்ளை. அவளும் அடுத்த வீட்டு இரட்டையர்களும் விளையாடவும் படிக்கவும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்திருப்பார்கள். என் பெறாமகள் அந்தப் படத்தைப் போனில் காட்டியபோது எனக்கு எங்கள் வேலிப் பொட்டுதான் நினைவுக்கு வந்தது. கிடுகு வேலியில் ஓர் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஓட்டை. அதால் கறிச்சட்டி போகும், சீனி கடனாக வரும், நாங்களும் போய் வருவோம். (இப்போது எல்லாரும் கல்மதில் கட்டிவிட்டார்கள். சீனி கேட்கக் கேற்றைத் தட்ட வேண்டியிருக்கிறது.) மினாமி விரும்பியது அந்த இரட்டையரில் மூத்தவனை, கடைசியில் அவனோடுதான் சேருகிறாள்.

ஆனால் நீ சொல்வதிலும் நியாயம் உண்டு. 'நிசெகோய்' வாசித்திருப்பாய், 25 தொகுதி. பத்து வருடத்துக்கு முந்திய கலியாண வாக்கு, பெடியனின் கழுத்தில் ஒரு பூட்டு, அதற்கொரு திறப்பு. வாக்குக் கொடுத்தவள் அவனோடு படிக்கும் ஒனோதெராதான் என்று கடைசியில் தெரிகிறது. அவனோ பள்ளிக்குப் புதிதாக வந்த சித்தோகேயைக் கட்டுகிறான். அன்றைக்கு என் பெறாமகள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

புதிதாக ஒருத்தி வந்து மோதினால்தான் அந்தக் கதைகள் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரியோ முதல் பக்கத்துக்கு முன்பே வந்துவிட்டவள், அவளிடம் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. அதோடு, 'நிசெகோய்' போல அநேகமானவை கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கள். அவள் வாய் திறந்தால் கதை முடிந்துவிடும். அதனால் அவள் சொல்லப் போகும் நேரம் பார்த்து ரயில் போகும், வாணம் வெடிக்கும், அவனுக்குக் காது கேட்காது. அவள் மௌனம் சஞ்சிகைக்குத் தேவை. உனக்கு அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று யார் பிள்ளை காசு தருகிறார்கள்?

எனக்கும் ஒருவரும் தரவில்லை. பொட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் குடும்பத்தோடு வெளிநாடு போனபின் அப்பா இரண்டு புதுக் கிடுகு வைத்து அதை அடைத்தார். சுற்றிவர எல்லாம் கறுத்த கிடுகு, நடுவில் அந்த இரண்டும் மட்டும் வெளிறி. ஒரு மாரி முழுக்க நனைந்த பிறகுதான் நிறம் ஒத்தது.

உன் நிலைமைக்குக் கிட்ட வருவது 'கிமி நி தொதொகே'யில் வரும் ரியூ. அவன் சின்ன வயதிலிருந்து சிஸுவை விரும்புகிறான், அவளோ அவனுடைய அண்ணனை. அண்ணன் கட்டப் போகும் பெண்ணோடு வீட்டுக்கு வந்ததும் அவள் உடைந்து போகிறாள். பின்னொரு நாள் ரியூ சொல்லிவிடுகிறான். உடனே ஒன்றும் இனிக்கவில்லை. பழையபடி இருந்தால் போதுமே என்று சிஸு தடுமாறுகிறாள், சேர நாளெடுக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தத் தடுமாற்றம்தான். அழிறப்பரைப் பங்கு போட்டவள் திடீரென்று வேறு ஆளாக முன்னால் வந்து நின்றால் உன்னவனும் தடுமாறத்தான் செய்வான். அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடாதே.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையிடம் அவன் கேட்டு, அவளும் ஓம் என்றுவிட்டாளா? அப்படியென்றால் சொல்லாதே, இரவில் போன் எடுத்தால் நித்திரை என்று வை. இன்னும் கேட்கவில்லை என்றால், அவன் கதைக்கக் கதைக்க நீ கொட்டும் அந்த 'ம்'மை இன்றைக்கே நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடிக்கு வரச் சொல்லு. ஏ9 வீதியில் போகிற பஸ் எல்லாம் நிற்கிற இடம். வருகிறவர்கள் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், உங்களைப் பார்க்க ஒருவருக்கும் நேரமிராது. ஒரு பை கச்சான் வாங்கு, கோதோடு. அவனே உடைக்கட்டும், உனக்குக் கை நடுங்கும்.