ஷான்ஷி: ஒன்றா, இரண்டா?

சீனாவில் சுடுமண் படையை, அதாவது சுட்ட மண்ணால் ஆன போர்வீரர் சிலைகளைப் பார்க்கப் போகும் உங்கள் பயணத் திட்டத்தில், ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு 'ஏ' (Shanxi), இன்னோரிடத்தில் இரண்டு 'ஏ' (Shaanxi) போட்டு ஷான்ஷி என்று இருப்பதால், எது எழுத்துப்பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். அவை பக்கத்துப் பக்கத்து மாகாணங்கள்.

ஒரு 'ஏ' உள்ளதில் ஷான் என்றால் மலை, ஷி என்றால் மேற்கு. தைஹாங் மலைத்தொடருக்கு மேற்கே இருப்பதால் அந்தப் பெயர். 'மலைக்குக் கிழக்கு' என்பதுதான் ஷான்டோங். இரண்டு 'ஏ' உள்ளதில் ஷான் மலையே அல்ல, இன்றைய ஹெனான் மாகாணத்தில் இருக்கும் ஒரு பழைய ஊர். அதற்கு மேற்கே உள்ள நிலம் என்று பொருள்.

சீன எழுத்தில் குழப்பமே இல்லை, இரண்டும் வேறு வேறு. பேச்சில் தொனி பிரித்துக் காட்டும்: மலை ஷானைக் குரலை உயர்த்தி ஒரே சீராகச் சொல்வார்கள், மற்றதில் குரல் தாழ்ந்து இறங்கும். தொனிக்குறியை விட்டுவிட்டு ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் சீனத்தை ரோமன் எழுத்தில் எழுத 1928-இல் ஏற்கப்பட்ட ஒரு பழைய முறையிலிருந்து அந்த இரட்டை 'ஏ'-வை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

அப்புறம், சுடுமண் படை இருக்கும் ஷிஆன் நகரம் இரண்டு 'ஏ' மாகாணத்தின் தலைநகர். மற்றதன் தலைநகர் தைய்வான் அல்ல, தைய்யுவான். டிக்கெட்டில் ஷிஆன் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.